எடைக்குப் போனவை

ஆஸ்வின் ஃபெல்கேட்,
லிங்கன்ஷயரின் சதுப்பு ஊரொன்றில்
முப்பத்தோராண்டு பாதிரியார்.
சம்பளம் ஆண்டுக்குத் தொண்ணூறு பவுண்டு,
கூடவே ஒரு கழுதை,
கல்லறைக் குழியில் ஊறும் தண்ணீரைச்
சவம் வருமுன் இறைத்துவிட ஒரு வாளி.

அவர் எழுதுவதை ஊர் மன்னித்திருந்தது.
முன்பிருந்தவர் குடித்தார்,
இவருக்கு மை, அவ்வளவுதான்.
பிரசங்கம் பதினைந்தே நிமிடம்.
மிச்சச் சொற்களையெல்லாம்
தாமசினுக்கு வைத்திருந்தார்.

தாமசின் அவர் நாவலின் பெண்.
உப்புக் காய்ச்சுகிறவன் மகள்,
நெற்றியில் குதிரை உதைத்த வடு.
ஏழு குளிர்காலம் அவளோடு விழித்திருந்தார்.
மனைவி கெசியா
மெழுகுவர்த்திக் கணக்கைத் தனியேட்டில் எழுதினாள்.
சண்டைக்கல்ல,
எவ்வளவு வெளிச்சம் ஆகிறது ஒரு கதைக்கு
என்று பார்ப்பதற்கு.

மூன்றாம் பாகத்தில்
சதுப்புக் காய்ச்சலில் தாமசினைக் கொன்றார்.
அன்றிரவு கெசியாவிடம்
இன்னொரு கரண்டி கஞ்சி கேட்டார்.
அவள் தெரிந்துகொண்டாள்.

லண்டனில் ஐந்நூறு படி அச்சானது.
நாற்பத்திரண்டு விற்றது,
அதில் பதினொன்று அவரே வாங்கியது.
ஒரு பத்திரிகை ஒன்றரை வரி எழுதியது:
'ஆசிரியருக்குச் சதுப்புநிலம் தெரிகிறது.'
மீதி அரை வரி என்னவென்று
அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கட்டப்படாத தாள்களைப் பதிப்பாளர்
எடைக்குப் போட்டார்.
தாளுக்கு ஊர் தெரியுமா, உறவு தெரியுமா?
முதலிரண்டு பாகமும் வண்டியேறி
மார்ஷ்பிச் சந்தைக்கே வந்து சேர்ந்தன.
மூன்றாம் பாகத்தைப் பெட்டி செய்பவன் வாங்கினான்,
உட்புறம் ஒட்ட.
தாமசினின் சாவு
யாருடைய சட்டைகளுக்கடியிலோ
கப்பலேறிப் போயிருக்கலாம்.

ஒரு புதன்கிழமை
அரைப் பவுண்டு பாலாடைக்கட்டி வாங்கிவந்து பிரித்தார்.
பக்கம் இருநூற்றுப் பதினொன்று.
கொழுப்பூறி, பின்பக்கத்து எழுத்தும்
முன்னால் தெரிந்தது.
நின்றபடியே படித்தார்.
ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது.
பென்சில் எடுத்துத் திருத்தினார்.
பிறகு கட்டியைத் தின்றார்.

அடுத்த புதன், கடைக்காரன் மனைவி
டோர்கஸ் பிளை
முந்தானைத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு
தெருவரை வந்தாள்.
"பேர் போட்டிருக்கிறது, நீங்கள்தானே?"
திருட்டில் பிடிபட்டவர்போல் நின்றார்.
அவள் படித்திருந்தாள்.
கட்டு பிரிந்த வரிசையில்,
நாற்பதாம் பக்கத்துக்கு முன் நூற்று எண்பதை,
கிழிந்த இடங்களைத் தானே தைத்து.
உப்பளம் எரிந்தது வரை தெரியும்.
அதற்குமேல் தாள் வரவில்லை.

"கல்யாணம் ஆயிற்றா அவளுக்கு?"

பொய்ச்சாட்சி சொல்லாதே என்று
மூன்று நாள் முன்புதான்
பதினைந்து நிமிடம் பேசியிருந்தார்.
கழுதை காதை ஆட்டியது.

"ஆயிற்று" என்றார்.
"யாரோடு?"
"படகுக்காரனோடு."
"நினைத்தேன்" என்றாள் டோர்கஸ்.
உள்ளே போய்
அவர் வாங்கியதற்கு மேல் ஒரு விரற்கடை அறுத்து வைத்தாள்.

வீடுவரை ஒன்பது மைல்.
அந்தப் படகுக்காரன்
இருபத்தாறாம் பக்கத்தில் ஒருமுறை,
துடுப்பைக் கரையில் சாய்த்துவிட்டுப் போனவன்.
பேர்கூட வைக்கவில்லை.
அணைக்கரை நெடுக, மழையில்,
பேர் தேடிக்கொண்டே நடந்தார்.
அன்று மெழுகுவர்த்தி இரண்டு என்று
கெசியாவின் ஏடு சொல்கிறது.

பிப்ரவரியில் போனார்.
குழியில் தண்ணீர் ஊறிற்று,
வெட்டியான் ஜேபஸ் வாளியோடு மூன்றுமுறை இறங்கினான்.
ஆர்ச்டீக்கன் வந்தார், ஊர்ப்பேரைத் தவறாகச் சொன்னார்.
துக்கவீட்டு விருந்துக்கு
டோர்கஸ் பிளை ஒரு முழு வட்டுக்கட்டி கொண்டுவந்தாள்,
வெறுந்தாளில் சுற்றி.

"அச்சுத்தாள் தீர்ந்துவிட்டதா?"
யாரோ கேட்டார்கள்.

இருக்கிறது, என்றாள்.
சுற்றுவதற்கு இல்லை.