தண்டவாளம் இல்லாத ஐந்து நாள்

ஓகஸ்ட் பதினொன்றிலிருந்து பதினைந்து வரை.
லீவுப் பட்டியலில் பென்சிலால் எழுதினேன்,
அழிக்க வசதியாக.
ஆர்டிட்டா தன் பேனாவை நீட்டினாள்:
"கல்யாண வீட்டுக்கெல்லாம் பேனாவால்தானே எழுதுவாய்?"

உண்மைதான்.
பதினான்கு வருடமாக என் லீவு
பாரிசில் ஒரு தாலிகட்டு,
ஸ்டுட்கார்ட்டில் ஒரு சாமத்தியவீடு,
லண்டனில் ஒரு அந்தியேட்டி என்று
சேலைக்குள் மடிந்து சூட்கேசில் போய்வந்தது.
இம்முறை குதிரை.

வீசன்பிளாட்ஸ் டிப்போவின் ஓய்வறை.
கோப்பி ஆறிப்போகிறது.
போனில் ஜூரா மலையின் ஒரு வெஸ்டர்ன் பண்ணை:
மரவேலி, வாசலில் கொம்போடு ஒரு மாட்டுத்தலை எலும்பு,
வேலிக்கு அப்பால் உயிரோடு மாடுகள், கழுத்தில் மணி.
அமெரிக்காவைப் பார்த்திராத ஓர் அமெரிக்கா.
பரவாயில்லை,
நானும் குதிரையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

படிவம் பிரெஞ்சில்.
உயரம், எழுதினேன்.
நிறை.
டாக்டரிடமே இரண்டு கிலோ ஒளித்தவள் நான்.
குதிரையிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.
முதுகு அதனுடையது.
எழுபத்தாறு.

முன் அனுபவம்: ஆரம்பநிலை, நடுநிலை, தேர்ந்தவர்.
ரீஹன் எல்லையிலிருந்து ஆறாம் இலக்கத்தை,
இருநூறு பேரும் இரண்டு நாயும் உள்ளே நிற்க,
நடுப்பாலத்தில் செல்பிக்காரருக்கு ஊடாக
ஒரு கீறலும் இல்லாமல் கொண்டுவருபவள்
எந்தப் பெட்டிக்குள் புள்ளடி போடுவது?

ஆரம்பநிலை.

இரவு தவச்செல்வன் கணக்குப் பார்த்தார்.
ஆயிரத்து நூற்றியெண்பது பிராங்.
"அந்தக் காசுக்கு ஊருக்கே ரிக்கெற் போடலாம்."
பிறகு சோற்றைப் பிசைந்தபடி,
"விழுந்து இடுப்பு முறிஞ்சால்?"
"இன்சூரன்ஸ் இருக்கு."
"நான் கேட்டது அதையில்லை."
அதன்பிறகு இருவரும் மீன்குழம்பையே கவனித்தோம்.
அன்றைக்கு உப்பும் கொஞ்சம் கூட.

காலை ஐந்து இருபது, முதல் ஓட்டம்.
இடது பாதத்தின் கீழே அந்தப் பெடல்.
ஓட்டுபவர் மயங்கினால், மாரடைத்தால்,
கால் தளர்ந்த நொடியில் வண்டி தானாக நிற்கும்.
ஒன்பது வருடமாக அது என்னை விசாரித்தபடி இருக்கிறது:
இருக்கிறாயா? இருக்கிறேன்.
இருக்கிறாயா?
கட்டியவர்கூட ஒரு நாளில் இத்தனை தரம் கேட்டதில்லை
என்று நினைத்தேன்.
நேற்றுச் சோற்றுக்கு முன்னால் அவர் கேட்டது
கிளாராபிளாட்ஸ் தாண்டித்தான் காதில் விழுந்தது.

பண்ணைக்கார ஷோஃபாவுக்கு எழுதினேன்,
மொழிபெயர்ப்புச் செயலியை மூன்று தரம் திருத்தி:
ஐயா, நான் டிராம் ஓட்டுபவள்.
என் கால் தளர்ந்தால் வண்டி நிற்கும்.
உங்கள் குதிரை?

இரண்டு நாள் பதிலில்லை.
பிறகு வந்தது:

"அம்மணி, உங்களுக்குப் புருனெல்.
வயது பத்தொன்பது, சோம்பேறி.
யாரும் விழுந்தால் அதே இடத்தில் நின்று புல் தின்பாள்.
எழும்பும்வரை தின்பாள்.
குதி உள்ள சப்பாத்துக் கொண்டுவாருங்கள்.
கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பவர்களை
அவளுக்குப் பிடிக்காது."

தவச்செல்வனுக்கு வாசித்துக் காட்டினேன்.
"எழும்பும்வரை தின்பாளாமோ" என்று
கோப்பையைக் கழுவிக்கொண்டே இரண்டு தரம் கேட்டார்.
மறுநாள் மேசையில் ஒரு தாள், அவர் கையெழுத்து:
பாசல் 8.03, டெலமோன். குளோவ்லியேயில் மாறு.
பிறகு சிவப்புச் சின்ன ரயில்.
அதுவரைக்கும் தண்டவாளம் உண்டு.
கீழே, சின்னதாக: சப்பாத்து அளவு 38தானே?

பட்டியலில் பென்சிலுக்கு மேல்
யாரோ பேனாவை ஓட்டியிருக்கிறார்கள்.
ஆர்டிட்டா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்று பார்ஃபூசர்பிளாட்ஸில் சிவப்பு விளக்கு.
கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன்,
விரல் மூட்டெல்லாம் வெளிறி.
மெல்லத் தளர்த்திப் பார்த்தேன்.
டிராம் ஒன்றும் சொல்லவில்லை.
பின்னால் நின்ற பதினோராம் இலக்கம்தான்
மணியடித்தது.
பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ.