ஐந்து புள்ளி ஆறு

ஐந்து புள்ளி ஆறு மில்லிமீட்டர்.
என் சுண்டுவிரல் நுழையாது.
வேப்பங்குச்சி நுழையும், நுழைக்கக் கூடாது.

புரசைவாக்கத்தில் இதைவிடக் குறுகிய துளைகளில்தான்
எனக்குப் பிழைப்பு.
பல்வேருக்குள் ஒடிந்துபோன ஊசியை
ஒன்றரை மணி நேரம் தேடியிருக்கிறேன்,
திறந்த வாயோடு ஒரு வங்கி மேலாளர்
என் கூரையின் விரிசல்களை எண்ணிக்கொண்டிருக்க.
அதனால், கடைக்காரர் மூன்று துண்டுக் கம்பியைத்
திருகித் திருகிக் காட்டியபோது
நான் பார்த்தது இணைப்புகளை மட்டும்.
இரண்டு இணைப்பு. இரண்டிலும் நகம் மாட்டியது.

"கழட்டி ஹேண்ட்பேக்லயே போட்டுக்கலாம் மேடம்,
எல்லாரும் இதத்தான் வாங்கறாங்க."

எல்லாரும் வாங்கியதில் ஒன்றைத்தான்
போன வருஷம் இம்தியாஸ் எனக்குக் கடன் தந்தான்.
பின்பக்கம் கழற்றச் சோம்பல்.
முனை வழியாகவே விட்டு விட்டு எடுத்தேன்.
கொஞ்சம் வளைந்த பித்தளை
போகும்போதும் வரும்போதும்
குழலின் உதட்டைத் தொட்டிருக்கிறது.

ஐம்பது மீட்டரில் அது
இரண்டு மணித் திசைக்கு ஒரு நூல் இழுத்தது.
காற்று என்றேன்.
தோட்டாப் பெட்டி பழசு என்றேன்.
மூச்சு என்றுகூடச் சொன்னேன்,
மூச்சு திருப்பிப் பேசாது.
பிறகொரு நாள் கிளினிக்கிலிருந்து
அந்தச் சின்ன வட்டக் கண்ணாடியைக் கொண்டுபோய்
முனையில் சாய்த்துப் பிடித்தேன்.
நகக்கண் அளவில் ஒரு தேய்மானம்.
பல்லாக இருந்தால் அடைத்திருப்பேன்.
கடைசலுக்குப் போய்த் திரும்ப நான்கு மாதம்.

எனவே ஒரே துண்டு.
எஃகுக்கு மேல் வழுவழுப்பாகப் பூச்சு,
கைப்பிடிக்குள் பால்பேரிங்.
உள்ளே வரிகள் திரும்பினால் கம்பியும் கூடத் திரும்பும்.
விலை: இரண்டு ரூட் கெனால், ஒரு கேப்.
பின்வாசல் வழியே நேராக இறங்க
ஒரு வழிகாட்டிக் குழாய்.
எஃகுத் தூரிகை வேண்டாம் என்று தள்ளினேன்.
இந்தக் குழலில் சேருவது
ஈயமும் மெழுகும் கொஞ்சம் கரியும்தான்,
அதற்கு நைலான் போதும்.
வெண்கலம் ஒன்று, எப்போதாவதற்கு.
கம்பளித் தக்கை நூறு, ஊறுகாய் பாட்டில் போன்ற டப்பாவில்.

ஜெமினியில் 29சி ஏறினேன்.
ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம்,
மடங்காது, சாயாது,
பக்கத்து சீட்டு அம்மாவின் பூவில் இரண்டு முறை இடித்தது.
"இன்னாம்மா அது, கர்ட்டன் கம்பியா?"
"ஆமாண்ணே."
"லக்கேஜ் டிக்கெட் எடு."
எடுத்தேன்.

ஞாயிறு. கிளப்புக்கு வெளியே ஐப்பசி மழை.
பத்து நாள் பெட்டியைத் திறக்காவிட்டால்
இந்த ஊரின் ஈரம் இரும்பை நக்கிப் பார்த்துவிடும்.
முதல் தக்கை கறுப்பு.
இரண்டாவதும்.
நான்காவது மழைக்கால வானத்தின் சாம்பல்.
வெள்ளை வரும்வரை போகக் கை துடித்தது,
இருபது வருஷத்துப் பழக்கம்.

நிறுத்தினேன்.
வாய்க்குள் நான் விடாத அழுக்கை
இங்கே கொஞ்சம் விட வேண்டும்.
முழுக்கத் துடைத்தால்
முதல் பத்துத் தோட்டா எங்கெங்கோ அலையும்,
மெழுகு மறுபடி படியும்வரை.

இம்தியாஸ் எட்டிப் பார்த்தான்.
"இன்னும் வருதே ஹெப்சி."
"வரட்டும்."
ஒரு சொட்டு எண்ணெய். உலர்ந்த தக்கை ஒன்று.
கம்பியைச் சுவர் ஆணியில் தொங்கவிட்டேன்,
சாய்த்து வைத்தால் அதுவும் வளையும்.

திங்கள் காலை முதல் ஆள், கீழ்க் கடைவாய்ப்பல்.
கையுறையையும் தாண்டி ஏதோ மணம் போலிருக்கிறது.
வாய் திறந்தபடியே என்னவோ கேட்டார்.
எனக்குப் புரிந்தவரை: மண்ணெண்ணெய்யா?
இல்லை என்று தலையாட்டி
விளக்கைத் தாழ்த்தினேன்.