அரை கிளட்ச்

டூவூம்பா மலையில் மூன்றாவது வளைவு தாண்டியதும்
முள் மட்டும் ஏறியது.
இரண்டாயிரம், இரண்டாயிரத்து எண்ணூறு, மூன்றரை.
வண்டி ஏறவில்லை.
பின்னால் மாட்டு லாரி, அதன் பின்னால் இருட்டு.
டீசல் எஞ்சின் தன்பாட்டுக்குக் கத்த,
பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பதுபோல்
கேட்டும் கேளாமலும் உருண்டன சக்கரங்கள்.
பிறகு அந்த நாற்றம்:
தலைமுடியையும் சணல் சாக்கையும்
சேர்த்துக் கொளுத்தினால் வருமே, அது.

"உன் காலால் வந்த வினை" என்றேன் போனில்.
மொரன்பாவில் சுரங்க ஷிஃப்ட் முடிந்து
செழியன் அப்போதுதான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
பதினான்கு நாள் அங்கே, ஏழு நாள் இங்கே.
அந்த ஏழு நாளில் அவன் ஓட்டுவதெல்லாம்
பால் வாங்கப் போய் வரும் தூரம்.
"சரி, நான்தான்" என்றான்.
அதோடு விட்டுவிட்டான்.
கோபப்பட்டிருக்கலாம்.

ஹைரியின் பட்டறை ஹார்லாக்ஸ்டனில், தண்டவாளம் ஓரம்.
சிஞ்சாரில் டிராக்டர் பார்த்தவன்.
நாலாவது கியரில் மெதுவாகப் போய்
திடீரென்று ஒரு மிதி மிதித்தான்.
எஞ்சின் எகிறியது, வண்டி அப்படியே.
"போதும்" என்றான், ஏதோ நாடி பார்த்ததுபோல்.
கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங்,
டீசல் என்பதால் ஃப்ளைவீலும் இரட்டை,
விலையும் இரட்டை.
இரண்டாயிரத்து நானூறு டாலர்.
இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் கிலோமீட்டர் ஓடிய காருக்கு
அது அதிகமா குறைவா என்று
நான் நின்று யோசிக்கவில்லை.

ஜாக்கின் மேல் கியர்பாக்ஸ்
ஆடி ஆடி இறங்கியபோது
என் இரண்டு கையும் தானாக நீண்டுவிட்டன.
பிரசவ வார்டில் பதினொரு வருஷம்.
"தொடாதீர்கள், அறுபது கிலோ" என்று சிரித்தான்.

வெளியே வந்தது ஒரு தட்டு.
தோசைக்கல்லில் பாதி இருக்கும்.
ரிவெட் தலை வரை தேய்ந்து,
உரசிய இரும்பெல்லாம் நீலம் பாரித்து.
எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று
விரலால் தடவிப் பார்த்தான்.
இல்லை.
"அப்படியானால் கால்தான்."

டிரைவர் கதவைத் திறந்து டார்ச் அடித்தான்.
கிளட்ச் பெடலின் ரப்பர் மொட்டை, வரியே இல்லை.
அதற்கு இடப்பக்கம்
கால் ஓய்வெடுக்க ஒரு மேடை கொடுத்திருக்கிறார்களாம்.
அதில் வரிகள் புத்தம் புதிதாக,
தூசி கூட ஒழுங்காகப் படிந்து.
"ஒன்பது வருஷமாக இங்கே யாரும் காலே வைக்கவில்லையே.
வீட்டுக்காரரா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது.

ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தின் சரிவில்
ஹேண்ட்பிரேக் போடாமல்
பின்னால் வழியாமலும் முன்னால் போகாமலும்
அந்தரத்தில் வண்டியை நிறுத்தி வைப்பேன்.
அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.
சிக்னலில் அப்படி, நெரிசலில் அப்படி,
"மொரன்பாவுக்கே வந்துவிடேன்" என்று
மூன்று வருஷமாக அவன் கேட்கும்போதும்
பார்க்கலாம், பார்க்கலாம் என்று அப்படியே.

"நான்தான்" என்றேன்.
ஹைரி தலையாட்டிவிட்டு ஸ்பேனர் தேடப் போனான்.
அவனுக்கு அது ஒரு சேதி இல்லை.

வெள்ளிக்கிழமை சாவி கிடைத்தது.
ஐநூறு கிலோமீட்டர் பதமாக ஓட்டவேண்டும்,
சுமை இழுக்கக்கூடாது, மேட்டில் பிடித்து நிறுத்தக்கூடாது.
பெடல் பூப்போல் இறங்கியது.
முன்பெல்லாம் பாதி ஏறிய பிறகு பிடிக்கும்,
இப்போது தரையிலிருந்து காலை எடுத்ததுமே.
ரத்வென் தெரு சிக்னலில்
பழைய கணக்கில் காலை விட்டேன்,
ஒரு உதறு, எஞ்சின் அணைந்தது.
பின்னால் ஹாரன். இன்னொரு ஹாரன்.
வாயில் வந்ததை ஈரோட்டுத் தமிழில் சொல்லிவிட்டு
மறுபடி ஸ்டார்ட் செய்தேன்.

ஐந்தாவது கியர் விழுந்தபின்
இடது கால் பழக்கத்தில் பெடலைத் தேடிப் போயிற்று.
எடுத்து அந்த மேடையில் வைத்தேன்.
யார் வீட்டிலோ விருந்தாளியாய் உட்கார்ந்ததுபோல்
கூச்சமாக இருந்தது காலுக்கு.

செழியனுக்கு இன்னும் சொல்லவில்லை.
பில் என்னவோ
அவன் பெயரில்தான் இருக்கிறது.