துணைக்கால்

ஒட்டுசுட்டான் பிரதேச செயலகம், காணிக் கிளை.
மின்விசிறிக் காற்று எட்டாத மேசை.
நான் எழுதிய நிரலின் தேடல் பெட்டிக்குள்
நிரோஜினி ஒற்றை விரலால் தட்டுகிறாள்:
நாகநாதர்.

முடிவுகள்: 0.

எதிர்க் கதிரையில் தவயோகராசா.
தகப்பன் பேரில் எழுபத்தெட்டாம் ஆண்டு அனுமதிப்பத்திரம்,
முத்தையன்கட்டு இடதுகரை, இரண்டு ஏக்கர்.
மூலப்பிரதி எந்தப் பதுங்குகுழியில் கிடக்கிறதோ.
அலுவலகப் பிரதி உண்டாம்,
போன வருடம் ஸ்கான் செய்த
நாற்பத்தோராயிரம் பக்கங்களில் ஒன்றாக.

"முந்தி அலுமாரியைத் திறந்துபோட்டு இல்லையெண்டுவினம்.
இப்ப திறக்காமலே இல்லையெண்டுது."

சொல்லடைவை உள்ளே போய்ப் பார்த்தேன்.
பழைய தட்டச்சு, மங்கிய கார்பன்.
க-வைக் கா ஆக்கும் அந்தக் குறியை
யந்திரம் ர என்றே வாசித்திருக்கிறது.
வாய்க்கால் அங்கே வரய்க்கரல்.
காடு கரடு.
மாடு மரடு.
நாகநாதர் நரகநரதர்.

வாய்விட்டு வாசித்திருக்கக் கூடாது.
கதிரை கிறீச்சிடச் சிரித்தார்:
"அப்புவை எங்க அனுப்பியிருக்கிறியள், பாருங்கோ!"
பிறகு, அந்தக் குறிக்கு என்ன பேர் என்று கேட்டார்.

துணைக்கால் என்றேன்.
சொன்ன பிறகுதான் கண்டேன்,
அவர் வலது சப்பாத்து
நிலத்தில் ஊன்றாமல் சாய்ந்திருப்பதை.
"எனக்கும் ஒண்டு கிடக்கு."
முழங்காலுக்குக் கீழே தட்டிக் காட்டினார், பிளாஸ்டிக் சத்தம்.
"காற்சட்டைக்குள்ள ஆருக்கும் தெரியாது.
பஸ்ஸில சீற்றும் கிடையாது."

பதினொரு வரி எழுதினேன்,
கேட்கும் சொல்லிலும் கிடக்கும் சொல்லிலும்
காலையும் ரகரத்தையும் ஒன்றாய் எண்ணச் சொல்லி.
அடைவு மறுபடி கட்டுப்பட நாற்பது நிமிடம்.
நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்தது.
தேத்தண்ணியில் சீனி கூடிப்போச்சு.

நாகநாதர். முடிவுகள்: 6.
நாலு பேர் வேறு நாகநாதர்கள்.
ஒன்று மாட்டுக் களவு முறைப்பாடு.
மிச்சம் ஒன்று. அடியில் பெருவிரல் ரேகை.
திரைக்கு மூக்கை ஒட்டி வாசித்தார்.
ஒன்றேமுக்கால் ஏக்கர் என்றிருந்தது.
"கால் குறையுது," என்றார்.
இம்முறை சிரிக்கவில்லை.

பின்னேரம், எல்லோரும் போன பிறகு,
தேடல் பதிவைத் துடைக்க எடுத்தேன்,
பூச்சியம் வந்த கேள்விகளை மட்டும்.

மார்ச் பதினேழு.
9.12: காணாமல்.
9.14: காணாமல் போன.
9.15: ஒரு பெயர். அதை இங்கே எழுதமாட்டேன்.
மூன்றுக்கும் ஒரே பதில்.
அதற்குப் பிறகு அன்று முழுக்க
அந்தப் பெட்டிக்குள் எவரும் எதுவும் கேட்கவில்லை.

கரணரமல் என்று
இவ்வளவு நாளும் உள்ளேதான் இருந்திருக்கிறது.

முதற் சொல்லை அனுப்பினேன். எண் வந்தது.
இரண்டாவதை அனுப்பினேன். எண் வந்தது.
மூன்றாவதைத் தட்டி முடித்து
விசையில் விரலை வைத்தபடி இருக்கிறேன்.
வாசலில் திறப்புக் கொத்தோடு காவலாளி,
பூட்ட வேணுமாம்.