சலவை அறை, ஏழு முதல் ஒன்பது வரை

செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில்
என் வீட்டு எண்ணை எழுதிவைத்தேன்.
துவைக்க இரண்டே சட்டை.
மிச்ச நேரமெல்லாம் ஆம்புக்கு:
பதினைந்து வாட், ஒற்றை ஸ்பீக்கர்,
கைப்பிடி அறுந்த இடத்தில்
டெப்போவில் கழித்துக்கட்டிய பேருந்தின்
சீட் பெல்ட் துண்டு.

தாம்பெரேயில் பிப்ரவரி.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
பகலெல்லாம் எட்டாம் நம்பர் ஓட்டிய விரல்கள்
இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வளைந்திருக்கின்றன.
கிட்டார்க் கழுத்துக்கு அவை பழகக்
கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

பதினொரு பெடல் வைத்திருந்த காலம் உண்டு.
எதிரொலிக்கு ஒன்று, நடுக்கத்துக்கு ஒன்று,
குகைக்குள் வாசிப்பதாய்க் காட்ட ஒன்று.
ஒன்று எதற்கென்று கடைசிவரை பிடிபடவில்லை,
நீல விளக்கு மட்டும் அழகாய் எரியும்.
ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்ற கதையாய்
சம்பளத்துக்குச் சம்பளம் கூடத்தை மாற்றினேன்.
பல் டாக்டரின் பில் வந்த மாதம்
பத்தை விற்றேன்.
பெயின்ட் உரிந்த மஞ்சள் பெட்டி, மூன்று குமிழ்,
அதை மட்டும் கேட்டு யாரும் வரவில்லை.

ட்ரம்ஸ் வாசித்த ஓஸ்மோ
விலகிப் போன அன்று சொன்னான்:
"உன் கிட்டாருக்குள் ஊசி இருக்கிறது."
பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.
என் காதுக்கு அது வெண்ணெயாய் இருந்தது.

இன்றும் அதே வெண்ணெய்தான். ஆம்ப் தரையில்.
ட்ரெபிள் எட்டு, பேஸ் ஆறு, மிட் இரண்டு,
பெடலில் கெயின் முட்டும் மட்டும்.
ஈ மேஜர் ஒன்றை ஓங்கி அடித்தபோது
கதவைத் தள்ளிக்கொண்டு ஹில்லா வந்தாள்.
நான்காம் மாடி, ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
டிரையரில் அவள் சீருடை,
இன்னும் பதினாறு நிமிடம்.

"வாசியுங்கள், நான் இங்கே இல்லை" என்றவள்
ஆம்புக்கு நேர் எதிரே
தரையில் அமர்ந்து கண்ணை மூடினாள்.
வாசித்தேன்.
அவள் கை காதுக்குப் போனது.
கோபமில்லை; எதிர்வெயிலுக்குக்
கண்ணை மறைப்போமே, அப்படி.

"குத்துகிறதா?"
"கொஞ்சம்."
பிறகு, மனசு கேளாமல், "ரொம்ப."

வயரை இழுத்துக்கொண்டு போய்
அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
அதே ஈ மேஜர்.
அட!
தகர டப்பாவில் ஆணி உருள்கிறது.
ஸ்பீக்கரின் நடுவிலிருந்து நேர்கோட்டில் கிளம்பும் கூர்
இத்தனை நாளும் என் காலடியைக் கடந்து
எதிரே இருந்தவர் முகத்தில் இறங்கியிருக்கிறது.
நின்றபடி நான் கேட்டது அதன் முதுகை.
இருபத்திரண்டு வருடம்
என் கணுக்காலுக்குக் கச்சேரி செய்திருக்கிறேன்.

சலவைக் கூடையைக் கவிழ்த்தேன்.
அதன்மேல் ஆம்பை ஏற்றிப் பின்னால் சாய்த்தேன்.
இனி என் முகத்தைப் பார்த்துப் பேசட்டும்.
ட்ரெபிளை நான்குக்கு இறக்கினேன்.
மிட்டைப் பயந்து பயந்து ஏழுக்கு ஏற்றினேன்.
பெடலில் கெயின் இருக்கிறதா இல்லையா என்கிற அளவு,
லெவல் மட்டும் தாராளமாய்.
முதுகில் லேசாய் ஒரு தள்ளு போதும்,
மூச்சிரைப்பது ஆம்பின் பாடு.
கிட்டாரின் சொந்த வால்யூமை
பத்திலிருந்து முதல்முறையாய் ஏழுக்குத் திருப்பினேன்.

வருடினால் தெளிவு.
அழுத்தினால் ஓரம் மட்டும் பிசிறியது,
நெடுநேரம் பேசாதிருந்தவர்
முதல் வார்த்தையைக் கரகரப்போடு எடுப்பதுபோல்.
டிரையர் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.
அதை மிதிக்காமல் அதன்மேல் நடந்தது ஒலி.

ஹில்லாவின் கை மடிக்கு இறங்கியது.
விமர்சனம் அவ்வளவுதான்.

டிரையர் நின்றபோது
வாய் லேசாய்த் திறந்து தூங்கியிருந்தாள்.
ஒன்பது இருபதுக்கு அவள் பேருந்து.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அசைவில்லை.
வேறு வழியின்றி ட்ரெபிளை எட்டுக்குத் திருகி
ஒரே ஒரு அடி.
துள்ளி எழுந்தாள், சிரித்தாள்,
சூடான சீருடைகளை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

குமிழை மறுபடி நான்குக்குக் கொண்டுவந்தேன்.
நான்குதான். ஆனாலும் அந்த நான்கு இல்லை.
மயிரிழை இந்தப்பக்கம், மயிரிழை அந்தப்பக்கம்.
என் சட்டைகள் இன்னும் ஈரம்.
மணி எட்டு ஐம்பது.
பத்து நிமிடம் இருக்கிறது.