நாக்குக்கு வந்த வழக்கு

முதலில் தேதி.
பிப்ரவரி இரண்டாம் சனி என்றேன்,
ஆர்விட்டின் மகளுக்கு அன்று ஹாக்கி ஆட்டம்.
மூன்றாம் சனி என்றேன்,
லவோன் காய்ச்சிய கறுப்பு ஸ்டௌட்டில்
இன்னும் வாயு ஏறவில்லையாம்.
நான்காம் சனிக்கு எல்லோரும் தலையாட்டியபோது
டுலூத்தில் ஏரி கரையிலிருந்து
கண்ணெட்டும் தூரம் உறைந்திருந்தது.

பதினோரு பேர் உட்கார
கராஜைக் காலி செய்தேன்.
மார்லிஸ் வாசலில் நின்று சொன்னாள்:
"திங்கட்கிழமை கார் உள்ளே இருக்கணும்.
நீ வெளியே இருந்தாலும் சரி."

விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினேன்.
குவளைக்கு இரண்டு விரல் உயரம்.
கார் சாவிகள் சூப் சட்டியில்.
துப்ப வாளி உண்டு,
துப்புகிறவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.
பாட்டிலுக்குப் பெயரில்லை, எண் மட்டும்.
எந்த எண் யாருடையது என்ற பட்டியல்
என் சட்டைப்பையில்.

எண்களைப் பால் தொட்டு ஒட்டச் சொன்னது ட்வேன்.
"பிறகு கழுவ சுலபம்."
குளிர்பெட்டி எதற்கென்று சனி காலை
இருபத்து மூன்று பாட்டில்களைக்
கொல்லைப் பனிமேட்டில் கழுத்தளவு ஊன்றினேன்,
நாற்று நடுவதுபோல், வரிசை பிடித்து.
நண்பகலில் தொடங்கி
மூன்று மணிவரை கொட்டியது பனி.
வயலும் இல்லை, வரிசையும் இல்லை.

மண்டியிட்டுத் தோண்டினோம்.
இருபத்திரண்டு கிடைத்தன,
எல்லாம் நிர்வாணமாக.
ட்வேன் சொன்னது உண்மைதான்,
கழுவ சுலபம்.

"பெற்றவருக்கா பிள்ளை தெரியாது?"
என்றார் கோஸ்கெலா.
"அவரவர் நாக்கே சொல்லட்டும்."

ஐந்தாவதாகத் திறந்தது பொன்னிறம்.
ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிய வாசம்,
தொண்டையில் இறங்கிய பின் மெல்ல ஒரு கசப்பு.
கராஜில் ஹீட்டர் மட்டும் பேசியது.
பிறகு ஆர்விட், "இது என்னுடையது."
ட்வேன், "என்னுடையது."
கறுப்பைத் தவிர வேறெதுவும் காய்ச்சாத லவோன்கூட
"யோசித்துப் பார்த்தால்..." என்று இழுத்தாள்.
காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு, சரி.
இங்கே பொன்குஞ்சைக் கண்ட காக்கையெல்லாம்
தன் குஞ்சு என்றது.

ஒன்பதாவது வேறு விதம்.
விரல்காயத்தில் இரண்டு நாள் இருந்த பிளாஸ்திரியை
ஊறவைத்துக் குடித்த மாதிரி.
வாளி கைக்குக் கை போனது.
"குளோரின்" என்றார் கோஸ்கெலா,
"குழாய்த் தண்ணீரை ஓர் இரவு
ஆறவிடாத சோம்பேறி."

எனக்குத் தெரியும்.
பக்கத்து அறையில் இருமினாலும்
தன் இருமல் தனக்குத் தெரிவதுபோல்.
அக்டோபரில் அந்தச் சோம்பேறி
சட்டியை நேரே குழாயடியில் வைத்தான்.
உப்பில்லாத பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னுடையது" என்றாள் சிக்னே,
முதல் தடவை வந்தவள்,
காது நுனிவரை சிவந்து. "மன்னிச்சுக்குங்க."

இரண்டு விநாடி விட்டுவிட்டேன்.
இரண்டும் சுகமாகத்தான் இருந்தன.
பிறகு சொன்னேன், "இல்லை, என்னுடையது."
அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.
"என் பீர் எனக்குத் தெரியாதா?"

நல்லதற்கு மூன்று பேர்,
கெட்டதற்கு இரண்டு பேர்.
தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால்
மறுபடி குடித்தாக வேண்டும்.
குடித்தோம், பிளாஸ்திரியையும்.
இந்த முறை வாளியை யாரும் கேட்கவில்லை.
சாவிச் சட்டி காலையில்தான் காலியானது,
மார்லிஸ் ஆளுக்கு இரண்டு முட்டை பொரித்துப் போட்ட பிறகு.

பட்டியலை அன்றே அடுப்பில் போட்டேன்.

ஏப்ரல் நடுவில் பனிமேடு ஆட்டுக்குட்டி அளவுக்கு வற்றியபோது
கழுத்தை நீட்டியது இருபத்து மூன்றாவது.
அடியில் மயிரிழை விரிசல்.
உள்ளே ஒரு சொட்டு இல்லை.
தோளில் மட்டும், பால் விடாமல் பிடித்திருக்க,
என் கையெழுத்தில், கொஞ்சமும் கலையாமல்:
ஏழு.