முக்கால், ஒன்று, ஒன்றரை

மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் இறக்கிவிட்டு
காலியாக ஏறிய லாரியில்
கோத்தகிரிக்கு வந்தன மூன்று அலுமினியத் தகடுகள்.
ஓரத்தில் செம்மண். ஒன்றில் ஒட்டிய கேரட் வால்.

முக்கால் மில்லியை ஒரு கையால் தூக்கினேன்.
சுண்டினால் பிஸ்கட் டின் பேசியது.
இறக்கத்தில் இன்ஜின் உறுமும்போது
இதுவும் சேர்ந்து கத்தும்.

ஒன்றரை மில்லி கத்தாது.
கியர்ப்பெட்டி மேட்டின் மேல் வளைத்தேன்,
மடிப்பின் முதுகில் மயிரிழையாய் விரிசல்.
கெட்டி ரகமாம்.
பணம் எண்ணும்போது கடைக்காரர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

"மெல்லிசு போட்டா எவ்வளவு எடை மிச்சம்?"
"மொத்தமா ரெண்டேகால் கிலோ."
ரெபெக்கா என் வயிற்றைப் பார்த்தாள்,
பிறகு தேநீர் ஊற்றப் போனாள்.

இரவில் ஷெட்டுக்குள் மூடுபனி வந்து போயிற்று.
காலையில் மூன்றும் வியர்த்திருந்தன.
துடைத்தேன். நடுவிலிருந்ததை எடுத்தேன்:
ஒரு மில்லி, மிருது ரகம்.
இரண்டு சில்வர் ஓக் சட்டங்களுக்கிடையே கவ்வி
ரப்பர் சுத்தியலால் தட்டத் தட்ட
கோபித்துக்கொள்ளாமல் மடிந்தது.

கிளிப்பில் நிறுத்தி, "உட்கார்ந்து பார்" என்றேன்.
இருக்கை இன்னும் வரவில்லை;
உரச்சாக்கை மடித்துப் போட்டு இடப்பக்கம் இறங்கினாள்.
இல்லாத வளைவொன்றில் நான் ஸ்டியரிங்கைத் திருப்ப
சிரித்தபடி சாய்ந்தாள்.

எழுந்தபின் தகட்டில்
அவள் முழங்கால் அளவுக்கு ஒரு குழி.

பின்னாலிருந்து தட்டினால் ஐந்து நிமிட வேலை.
ரிவெட் துப்பாக்கியைத் தேடினேன்.
எந்த வளைவிலும் அந்தக் கால்
அங்கேதான் போய் நிற்கப்போகிறது.